வெர்னா சொன்ன ஒரே ஒரு ஆமாம்

எங்கள் ஊரில் யாரையாவது பிடிக்கவேண்டுமென்றால் சனிக்கிழமை காலை குப்பைக் கிடங்குக்கு வந்தால் போதும். வீடு வீடாக வந்து குப்பை அள்ளிக்கொண்டு போகிற வசதியெல்லாம் இந்த மலைப்பக்கத்து நியூ ஹாம்ப்ஷயரில் எங்களுக்குக் கிடையாது. அவரவர் வண்டியில் மூட்டையை ஏற்றி வந்து, கண்ணாடி தனி, காகிதம் தனி, தகரம் தனி என்று பிரித்துப் போட்டுவிட்டு, ஆற அமர வம்பளந்துவிட்டுத்தான் போவார்கள். நான் ஆல்வா டகட், அந்தக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவன். ஊர்க்காரர்கள் எதை வாங்குகிறார்கள், எதைக் குடிக்கிறார்கள், எதைச் சாப்பிடாமல் வீணாக்குகிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் என் வேலையில் கஷ்டமான பகுதி.

தேர்தலில் நிற்பவர்களும் என் கிடங்கு வாசலில் நின்றுதான் கைகுலுக்குவார்கள். எல்லாத் தேர்தலிலும் நின்று எல்லாவற்றிலும் தோற்றவள் வெர்னா ஸ்டிக்னி. என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்கும் அரசாங்கத்திடம் உரிமம் வாங்கவேண்டும் என்பதுதான் காரணம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவளுடைய கட்சிக்கு லிபர்டேரியன் என்று பெயர். நாங்கள் சுருக்கமாகச் சுதந்திரக்காரர்கள் என்போம். உன் சொத்து உனக்கு, என் சொத்து எனக்கு, அரசாங்கம் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கக்கூடாது, மிச்சத்தை மனிதர்கள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்பது அவர்கள் கொள்கை. கேட்கும்போது சரியாகத்தான் இருக்கும். வீட்டுக்குப் போய் யோசித்தால் எனக்குத் தலைவலி வரும்.

மார்ச் மாதம் ஊர்க்கூட்டத்தில் எது வாக்கெடுப்புக்கு வந்தாலும் வெர்னா எழுந்து நின்று "வேண்டாம்" என்பாள். புது பனிவாரி வண்டியா, வேண்டாம். பள்ளிக்கூடத்துக்குப் புது அடுப்பா, வேண்டாம். நூலகத்தின் கூரை ஒழுகியது. தினமும் அங்கே போய் உட்கார்ந்து படிப்பவளே அவள்தான், பக்கத்தில் வாளியை வைத்துக்கொண்டு படித்தாள். கூரைக்கு வரி போடலாமா என்று கேட்டபோது அதற்கும் வேண்டாம் என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் வெர்னா, நனையிறது நீதானே?" என்று கேட்டேன்.

"நான் நனையிறேன். அதுக்கு நீ ஏன் காசு குடுக்கணும்? நீ கடைசியாப் புத்தகத்தைத் தொட்டது மூணாங்கிளாஸுல."

அப்படிச் சொன்னவள் அந்தக் கோடை முழுவதும் நூலக வாசலில் மேசை போட்டு, தன் கையால் தட்டு அகலத்துக்குச் சுட்ட ஆப்பிள் பணியாரங்களை விற்று அந்தக் கூரைக்குப் பணம் சேர்த்தாள். கேட்டு வாங்குவது வேறு, பிடுங்குவது வேறு என்று ஒவ்வொருவரிடமும் பாடம் நடத்திவிட்டுத்தான் பணியாரத்தைக் கையில் கொடுத்தாள். கூரை வந்துவிட்டது. அவளை எதில் சேர்ப்பது என்று தெரியாமல் நானும் இரண்டு வாங்கித் தின்றேன்.

அவள் கட்சிக்காரர்களில் பலர் புத்தகம் படித்து அந்தப் பக்கம் போனவர்கள். வெர்னா அப்படிப் போகவில்லை. அவளுக்கு ஒன்பது வயதில் நடந்த ஒன்றுதான் அவளை அங்கே கொண்டுபோய் விட்டது.

ஊருக்கு மேற்கே மில்லர் ஓடைப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே வெர்னாவுடைய குடும்பத்தையும் சேர்த்து நாற்பது குடும்பங்கள் இருந்தன. தெற்கே இருக்கிற நகரத்துக்குக் குடிதண்ணீர் வேண்டும், அணை கட்டப்போகிறோம் என்று நீர்த்தேக்க வாரியம் ஒன்று வந்தது. மொத்தப் பள்ளத்தாக்கையும் கையகப்படுத்தியது. மறுக்க யாருக்கும் வழியில்லை. எல்லாரையும் வெளியேற்றி, வீடுகளைக் கொளுத்தி, கல்லறைகளைத் தோண்டிப் பெட்டிகளை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகுதான் அவர்களுடைய பொறியாளர்கள் பாறையைத் துளைத்துப் பார்த்தார்கள். பாறை முழுக்க வெடிப்பு, தண்ணீரைத் தாங்காது. அணை வரவில்லை. நிலம் மட்டும் வாரியத்தின் பெயரிலேயே கிடந்தது. மரம் முளைத்துக் காடாகிவிட்டது.

வெர்னாவின் அப்பா எபென் ஸ்டிக்னி நல்ல விவசாயி. வீடு போன பிறகு ஊருக்குள் சலவைக்கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை பிடித்துக்கொண்டு நாற்காலித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பள்ளத்தாக்கின் விளிம்புவரை போய் நின்று பார்த்துவிட்டு வருவார். அவர் இறந்த பிறகும் வெர்னா அதே மாடியில்தான் இருக்கிறாள். கீழே நாள் முழுவதும் எந்திரங்கள் சுற்றிக்கொண்டிருக்கும், மேலே அவள் வீட்டுத் தட்டுகள் நடுங்கிக்கொண்டிருக்கும். பள்ளத்தாக்குக்கு அவள் ஒருமுறைகூட இறங்கிப் போனதில்லை. உள்ளே நுழைய வாரியத்திடம் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும் என்று பலகை வைத்திருந்தார்கள்.

"எங்க வீட்டுக்குப் போக நான் எவன்கிட்டயும் சீட்டு வாங்கமாட்டேன்" என்பாள்.

இனி கர்டிஸ். கர்டிஸ் ஹாபெக்கர் ஒஹையோவிலிருந்து வந்தவன். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் சுதந்திரக்காரர்கள் கிளம்பி, ஒன்றாக இருந்தால் கொள்கையை நடத்திக் காட்டலாம் என்று எங்கள் மாநிலத்தில் வந்து குடியேறினார்களே, அந்த அலையில் வந்தவன். ஆள் ஒல்லி, பேச்சு குறைவு, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன். கடைசியாகச் சொன்ன குணம்தான் எல்லாச் சிக்கலுக்கும் காரணம் என்று எனக்குப் படுகிறது.

மாதத்துக்கு ஒருமுறை சுதந்திரக்காரர்கள் பாலத்தடிச் சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் கூடுவார்கள். அன்றைக்கு அங்கே மாட்டிறைச்சி வறுவல் நன்றாக இருக்கும் என்பதால் நானும் போவேன், கொள்கைக்காக இல்லை. ஒரு கூட்டத்தில் கர்டிஸ் எழுந்து, "நிலம் வாங்க என்கிட்ட வழியில்ல. அப்ப என்னை மாதிரி ஆளு எங்கதான் போய் நிக்கிறது?" என்று கேட்டான்.

வெர்னா கையிலிருந்த முள்கரண்டியை ஆட்டிக்கொண்டே பதில் சொன்னாள். "அரசாங்கம் பிடுங்கி வச்சிருக்கே நிலம், அது யாருக்குமே சொந்தமில்ல. அவங்க காசு குடுத்து ஒழுங்கா வாங்கல, உழவும் இல்ல. எவன் அங்க போய் உழைக்கிறானோ அவனுக்குத்தான் அது."

எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். ஊரில் பேச்சு என்றால் அதுதான் வழக்கம். கர்டிஸ் மட்டும் அடுத்த சனிக்கிழமை என்னிடம் வந்து, வேண்டாமென்று போட்ட பழைய ஜன்னல்கள் இருக்கிறதா என்று கேட்டான்.

"எதுக்குப்பா?"

"வீடு கட்டறேன். பள்ளத்தாக்குல நல்ல இடமா ஒண்ணு கிடைச்சிருக்கு. கல்லுல கட்டின நிலவறை அப்படியே இருக்கு, கிணறும் இருக்கு. மேல வீடு மட்டும்தான் இல்ல."

காட்டுக்குள் அந்த மாதிரி நிலவறைக் குழிகள் நிறைய உண்டு. வாரியம் வீட்டைக் கொளுத்தியதே தவிர கல்லைக் கொளுத்த முடியவில்லை. மரம் வளர்ந்துவிட்டதால் எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் ஜன்னல்களைக் கொடுத்தேன். அவன் வீட்டைக் கட்டினான், ஆடு வளர்த்தான், தேன் எடுத்தான், பழைய ஆப்பிள் மரங்களை வெட்டிச் சரிசெய்து மறுபடி காய்க்க வைத்தான். வாரியத்திலிருந்து எட்டிப் பார்க்கக்கூட ஆள் வரவில்லை. பன்னிரண்டு வருஷம் ஓடியது. வெர்னாவுக்கு அவன்மேல் ஒரே பெருமை. ஒவ்வொரு தேர்தல் பேச்சிலும், "நம்ம கர்டிஸைப் பாருங்க" என்று தொடங்காமல் இருக்கமாட்டாள். அவள் பேச்சைக் கேட்டு நடந்த ஒரே மனிதன் அவன்தான்.

போன வருஷம் வாரியத்தைக் கலைத்தார்கள். பள்ளத்தாக்கு நிலத்தை யாரிடமிருந்து எடுத்தார்களோ அவர்கள் வாரிசுக்கே திருப்பிக் கொடுப்பது என்று முடிவானது. வாரிசு மார்ச் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று எனக்கு வேண்டும் என்று சொல்லவேண்டும். யாரும் கேட்காத நிலம் ஏலத்துக்குப் போகும். பாஸ்டனிலிருந்து விடுமுறை வீடு கட்டுகிறவர்கள் ஏற்கெனவே கார் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெர்னாவை அந்தச் சில வாரங்கள் பார்த்திருக்கவேண்டும். எழுபது வயதில் பெண் துள்ளி நடந்தாள். குப்பையைப் பிரித்துப் போடும்போது பாட்டு முணுமுணுத்தாள். கிடைத்த அட்டையிலெல்லாம் பென்சிலால் வீடு வரைந்து என்னிடம் காட்டினாள்.

"இங்க சமையலறை. அப்பா வச்சிருந்த இடத்துலயே. பெருசா வேண்டாம், நடுங்காத தட்டு வைக்க ஒரு அலமாரி போதும்."

எனக்கே கண் கலங்கியது. வரி கட்டுகிற விஷயத்தில் எனக்கும் அவளுக்கும் ஆயிரம் சண்டை இருக்கலாம். அவள் வீடு அவளுக்குத் திரும்பவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

பனி விழுவதற்கு முன்னால் நில அளவைக்காரன் பழைய வரைபடத்தோடு பள்ளத்தாக்குக்குள் போனான். எல்லை தெரிவதற்காக மரங்களில் ஆரஞ்சு நாடா கட்டினான். அந்தச் சனிக்கிழமை காலிப் பெட்டிகளைப் போட என் கிடங்குக்கு வந்தவன், "ஸ்டிக்னி நிலத்தை அளந்தாச்சு. நட்ட நடுவுல ஒரு வீடு இருக்கே, அது யாரோடது?" என்றான்.

வெர்னா அவனுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"வீடா? எங்க நிலத்துலயா? எப்படிப்பட்ட வீடு?"

"சின்ன வீடு. ஜன்னல் எல்லாம் ஒண்ணு ஒரு அளவு. ஆடு நிக்குது."

வெர்னா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். கிடங்கை அப்படியே பூட்டிவிட்டு அவளை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அனுமதிச் சீட்டுப் பலகை கீழே விழுந்து கிடந்தது. அவள் அதன்மேல் ஏறி நடந்தாள்.

கர்டிஸ் வீட்டு வாசலில் பழைய லைலாக் பூப்புதர் ஒன்று கூரையைத் தாண்டி வளர்ந்திருந்தது. வெர்னா வீட்டைப் பார்க்கவில்லை, அந்தப் புதரைத்தான் பார்த்தாள். பிறகு கிணற்றுக்குப் போய் அதன் விளிம்புக் கல்லைத் தடவினாள். பிறகு வாசல்படிக்கு வந்தாள். ஒரே கருங்கல்லில் வெட்டிய படி, நடுவில் தேய்ந்திருந்தது.

"இதுல உக்காந்துதான் பட்டாணி உரிப்பேன்," என்றாள்.

கர்டிஸ் கதவைத் திறந்துகொண்டு வந்து சந்தோஷமாகக் கையை நீட்டினான். "வெர்னா, வாங்க வாங்க. இத்தனை வருஷத்துல நீங்க இங்க வந்ததே இல்லையே." அவள் முகத்தைப் பார்த்தான். படியைப் பார்த்தான். மரத்தில் கட்டியிருந்த நாடாவைப் பார்த்தான். அவன் மெதுவாகப் புரிந்துகொள்கிறவன். புரிந்ததும் கையைக் கீழே இறக்கிக்கொண்டான்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். அவன் காப்பி போட்டான். இதற்குப் பிறகு நடந்த பேச்சை எப்படிச் சொன்னாலும் நீங்கள் நம்பமாட்டீர்கள். நிலத்துக்காக அண்ணன் தம்பி கோடாலி தூக்கியதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஏதாவது நடக்கும் என்று கதவோரமாக உட்கார்ந்திருந்தேன்.

"திருட்டுப் பொருள் எத்தனை கை மாறினாலும் திருட்டுப் பொருள்தான்," என்றான் கர்டிஸ். "அவங்க உங்க அப்பாகிட்டருந்து திருடினாங்க. நான் தெரியாம அதுமேல வீடு கட்டிட்டேன். இது உங்களோடது."

வெர்னாவுக்கு முகம் மலர்ந்திருக்கவேண்டும். மலரவில்லை. "அதெப்படி? யாரும் உழாத நிலத்துல பன்னிரண்டு வருஷம் உழைச்சிருக்கே. உழைச்சவனுக்குத்தான்னு நான்தானே சொன்னேன். ஊரே கேட்டுச்சே. இது உன்னோடது."

"அது யாருக்கும் சொந்தமில்லாத நிலத்துக்கு. இதுக்குத்தான் சொந்தக்காரங்க இருந்திருக்காங்களே, நீங்க."

"நான் அறுபது வருஷமா எட்டிக்கூடப் பாக்கலையே."

"பார்க்க விடலையே அவங்க."

இப்படியே போனது. அந்தப் படியில் உட்கார அவள் எவ்வளவு ஏங்குகிறாள் என்று எனக்குத் தெரியும். இந்த வீட்டைவிட்டால் அவனுக்கு உலகத்தில் ஒன்றுமில்லை என்றும் தெரியும். ஆனால் இரண்டு பேரும் கொள்கையைக் கையில் எடுத்துக்கொண்டு, தனக்கு எதிராகத் தானே வாதாடிக்கொண்டிருந்தார்கள். அதிலும் அவள் வாதம் பலமாகும்போது அவள் முகம் வாடியது, அவன் வாதம் பலமாகும்போது அவன் முகம் வாடியது. காப்பி ஆறிப் போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க," என்றேன். "ஆளுக்குப் பாதி எடுத்துக்குங்க. அவ்வளவுதானே."

வெர்னா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஒருத்தர் சொத்துல பாதியைப் பிரிச்சு இன்னொருத்தர்கிட்ட குடுக்கிறதுக்குப் பேரு என்ன, ஆல்வா?"

"என்ன?"

"வரி."

கர்டிஸ் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். அன்றைக்கு முழுவதும் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான், அதுவும் என்னைக் கேலி செய்வதற்காக.

குளிர்காலம் முழுவதும் அந்தப் பேச்சு ஓயவில்லை. சனிக்கிழமை தோறும் என் கிடங்கில், அட்டைப்பெட்டி மேட்டுக்குப் பக்கத்தில் நின்று, மூக்கிலிருந்து ஆவி விட்டுக்கொண்டு இரண்டு பேரும் வாதாடினார்கள். மற்ற சுதந்திரக்காரர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஊர் இரண்டு பட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒரு பக்கம் மாறிக்கொண்டிருந்ததால் எத்தனை பட்டது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே எது நியாயம் என்று குழம்பிவிட்டது. காலையில் வெர்னா பக்கம் எழுந்திருப்பேன், மதியம் சாப்பிடும்போது கர்டிஸ் பக்கம் போய்விடுவேன்.

ஒருநாள் அவன் இல்லாத நேரத்தில் அவளைத் தனியாகக் கேட்டேன். "உனக்கு என்னதான் வேணும் வெர்னா? கொள்கையை விடு. உனக்கு, உனக்கு."

"அந்த இடம் வேணும்," என்றாள் உடனே. "வேற எதுவுமே நான் ஆசைப்பட்டதில்ல. கர்டிஸ் நல்லா இருக்கணும்னும் தோணுது. ஒரு தடவை அவன் என்னோட சண்டை போட்டா நல்லா இருக்கும். 'போடி கிழவி, இது நான் கட்டின வீடு'ன்னு ஒரே ஒரு வார்த்தை. அப்படிச் சொன்னா நான் விட்டுக்குடுத்துடுவேன்னு நினைக்கிறேன்."

"சொல்லாட்டியும் விட்டுக்குடேன்."

"ஏன் விட்டுக்குடுக்கணும்? அது எங்கப்பாவோடது."

அவனிடமும் கேட்டுப் பார்த்தேன். "அவ பேருக்கு நிலம் வரட்டும், நீ பாட்டுக்கு அங்கயே இரு. அவ ஒண்ணும் உன்னைத் துரத்தமாட்டா. நீ ஒரு ஓரமா இரு, அவ ஒரு ஓரமா வீடு கட்டிக்கட்டும்."

கர்டிஸ் கையுறையைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டான். அவன் தன்னைப்பற்றிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "நான் எங்க சித்தப்பா வீட்டுல வளந்தவன், ஆல்வா. தட்டுல ரொட்டி வைக்கும்போதெல்லாம் சித்தி என் முகத்தைப் பார்ப்பாங்க, நன்றி சொல்றேனான்னு. காலையில நன்றி, மத்தியானம் நன்றி. ஒருநாள் சொல்ல மறந்தேன், தட்டை எடுத்துட்டாங்க. ஒருத்தரோட தயவுல இருக்கணும்னா நான் ஒஹையோவுலயே இருந்திருப்பேனே. வெர்னா நல்லவங்கதான். நல்லவங்க தயவும் தயவுதான்."

சுதந்திரம் என்று இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள், ஆனால் அவளுக்கு அது ஒரு கருங்கல் படி, இவனுக்கு யார் முகத்தையும் பார்க்காமல் தின்கிற ரொட்டி என்று அப்போது எனக்குப் பட்டது. பட்டதே தவிர அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

மார்ச் மாதம் ஊர்க்கூட்டம் வந்தது. பள்ளிக்கூட விளையாட்டரங்கில் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பின்னால் தேவாலயத்துப் பெண்கள் பாகில் வேகவைத்த பீன்ஸும் பழுப்பு ரொட்டியும் விற்றார்கள். சாலைக்குச் சரளை, தீயணைப்புக்குக் குழாய் என்று ஒவ்வொன்றாக வந்தது. வெர்னா எதற்கும் எழுந்திருக்கவில்லை. மேல்கோட்டைக் கழற்றாமல் மடியில் கையைக் கோத்து உட்கார்ந்திருந்தாள். அவள் 'வேண்டாம்' சொல்லாததால் கூட்டத் தலைவர் இரண்டு தடவை நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

பள்ளத்தாக்கு நிலங்கள் வந்தன. பெயர் வாசிப்பார், அரங்கம் அமைதியாக இருக்கும், வாரிசு இல்லை என்று சொல்லி அடுத்த பெயருக்குப் போவார். அந்தக் குடும்பங்களெல்லாம் எங்கெங்கோ சிதறிப்போய்விட்டன. கடைசியில், "எபென் ஸ்டிக்னியின் நிலம். வாரிசு யாராவது கேட்கிறீங்களா?" என்றார்.

வெர்னா எழுந்து நின்றாள். பின்சுவர் ஓரமாகக் கர்டிஸ் நின்றுகொண்டிருந்தான், அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று அவள் காத்திருந்தது எனக்குத் தெரியும். அவன் அவளைப் பார்த்து, சொல்லுங்கள் என்கிற மாதிரி தலையை ஆட்டினான்.

"வெர்னா, பதில் வேணும்," என்றார் தலைவர். "கேட்கலைன்னா ஏலம்தான்."

"ஆமாம்," என்றாள். மேல்கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இன்னும் உரக்க, "எனக்கு வேணும்," என்றாள்.

அரங்கம் அதிர்ந்தது. "தேதியைக் குறிச்சுக்குங்கப்பா, வெர்னா ஆமாம்னு சொல்லிட்டா," என்று முன்வரிசையில் யாரோ கத்த, எல்லாரும் சிரித்துக் கைதட்டி, எழுந்து வந்து அவள் தோளில் தட்டினார்கள். அவளைச் சிறுமியாக அப்பாவோடு பார்த்திருந்த கிழவர்கள் சிலர் அழுதார்கள். நானும் அழுதேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அறுபது வருஷ அநியாயம் ஒன்று என் கண்முன்னால் சரியாகியிருந்தது. அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

வெளியே வண்டிகள் நிற்கிற இடத்தில் கர்டிஸ் வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். "ரொம்பச் சந்தோஷம், வெர்னா. எப்பக் காலி பண்ணணும்?"

"யாரு உன்னைக் காலி பண்ணச் சொன்னா? இரு. வாடகைகூட வேண்டாம்."

"இல்ல, வெர்னா."

"அப்ப வாடகை குடுத்துட்டு இரு. உனக்குப் பிடிச்சதைக் குடு. தேன் குடு."

"நான் கட்டின வீட்டுக்கு நானே வாடகையா?" அவன் கோபமாகச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னான். "நீங்க என் இடத்துல இருந்தா இருப்பீங்களா?"

வெர்னா இருந்திருக்கமாட்டாள், ஊருக்கே தெரியும்.

"அவசரமில்லப்பா," என்றாள் கடைசியில். "பனி உருகட்டும், சேறு காயட்டும். கோடை வரட்டும். அதுக்குள்ள ஏதாவது யோசிப்போம்."

அவன் தொப்பியைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனான்.

ஏப்ரலில் பனி உருகி, மண்சாலைகள் கூழாகிக் கிடந்தன. இரண்டு சனிக்கிழமை கர்டிஸ் கிடங்குக்கு வரவில்லை. அந்தப் பருவத்தில் யாருமே பள்ளத்தாக்கிலிருந்து வண்டியை எடுக்க முடியாது, அதனால் நான் பெரிதாக நினைக்கவில்லை. வெர்னாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவனுக்குப் பிடிக்கும் என்று ஒரு பணியாரத்தைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வண்டியை மேலேயே விட்டுவிட்டு இறங்கி நடந்தோம். காலை எடுத்து வைத்தால் பூட்ஸை மண் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. வழியெல்லாம் அவள் அவனிடம் சொல்லப்போவதை எனக்குச் சொல்லிக் காட்டிக்கொண்டே வந்தாள். நிலத்துக்கு நான் சொந்தக்காரி, வீட்டுக்கு நீ சொந்தக்காரன், யாருக்கும் யார் தயவும் வேண்டாம், நடுவில் ஒரு ஒப்பந்தம் என்று புதிதாக ஏதோ கண்டுபிடித்திருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. எனக்கு முழுவதும் புரியவில்லை.

ஆடுகள் இல்லை. தேனீப் பெட்டிகள் இருந்த இடத்தில் புல் மஞ்சளாக அழுந்திக் கிடந்தது. கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. வெர்னா தட்டினாள். தன் நிலத்தில் நின்றுகொண்டு தட்டினாள். பிறகு தள்ளினாள்.

வீடு காலி. மேசை இல்லை, கட்டில் இல்லை, அடுப்புக்குப் பக்கத்தில் விறகு மட்டும் ஒழுங்காக அடுக்கியிருந்தது. சாலை உறைந்திருக்கிற விடியற்காலைகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போயிருக்கவேண்டும். தரைப்பலகைகளை நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தான். மூலை முடுக்கெல்லாம் சுத்தமாக இருந்தது. சோப்பு வாசனை இன்னும் போகவில்லை.

வெர்னா வாசலிலேயே நின்றுவிட்டாள். ரொம்ப நேரம் அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மாவும் கழுவினா," என்றாள். இதை அவள் என்னிடமோ எந்தப் பேச்சிலுமோ சொன்னதே இல்லை. "வாரியத்து ஆளுங்க வெளிய மண்ணெண்ணெய் டின்னோட நிக்கிறாங்க. உள்ள அம்மா முட்டி போட்டுத் தரையைத் தேய்க்கிறா. கொளுத்தப்போற வீட்டை எதுக்குக் கழுவுறேன்னு அப்பா கேக்கிறாரு. வர்றவங்க நம்மளைக் குறை சொல்லக்கூடாதுன்னா அம்மா."

கையிலிருந்த பணியாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஆல்வா, நான் எந்த இடத்துல தப்புப் பண்ணினேன்? முதல்லருந்து சொல்லு."

முதலிலிருந்து யோசித்தேன். அவர்கள் பிடுங்கியது தப்பு. பிடுங்கியதைத் திருப்பிக் கொடுத்தது சரி. உழைப்பவனுக்கு நிலம் என்றது சரி. அவன் உழைத்தது சரி. அப்பாவின் இடத்தை மகள் கேட்டது சரி. யார் தயவிலும் இருக்கமாட்டேன் என்று அவன் போனதும் சரி. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் இருக்கிறது.

"தெரியல வெர்னா," என்றேன். நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. "குளிருது, வா, உள்ள போவோம். உன் வீடுதானே."

அவள் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தாள். கணுக்கால்வரை சேறு அப்பியிருந்தது. உள்ளே கழுவிய தரையைப் பார்த்தாள். பணியாரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள்.